குறுக்குக் காற்றும் மூன்றாம் சக்கரமும்



சிறு விமானம் ஒன்று தரையில் இறங்குகிறது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டுவிட்டன. ஆபத்து நீங்கியது என்று காண்போர் எண்ணும் வேளையில், பக்கவாட்டிலிருந்து காற்று ஓங்கி அடிக்கிறது. விமானம் பம்பரம்போல் சுற்றி, ஓர் இறக்கை தரையில் உரசச் சாய்ந்து நிற்கிறது. 'தரைச் சுழற்சி' எனப்படும் விபத்து இதுவே. இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1903 டிசம்பர் 17 அன்று, அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, விமானம் புறப்படும் தண்டவாளத்தைக் காற்றுக்கு எதிர்முகமாகவே அமைத்தனர். எதிர்காற்று இறக்கைக்குத் தூக்கும் ஆற்றலைத் தரும். தரைமீது செல்லும் வேகத்தைக் குறைக்கும். பின்வந்தோரும் அந்நெறியையே பின்பற்றினர். அக்கால விமான நிலையங்கள் பல, பரந்த புல்வெளிகளே. துணிக்குழாய் காட்டும் திசையைப் பார்த்து, காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் அதற்கு முகங்கொடுத்து விமானி இறங்கலாம்.

நாளடைவில் விமானங்களின் எடை கூடியது. மழையில் சேறாகும் புல்வெளி அவற்றைத் தாங்கவில்லை. கெட்டியான ஓடுபாதைகள் தோன்றின. பாதைக்கு இரண்டே திசைகள். காற்றுக்கோ எண்ணற்ற திசைகள். இவ்வாறு குறுக்குக் காற்றைத் தவிர்க்க இயலாத நிலை வந்தது.

அந்நாளைய சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் முன்னே இரு பெருஞ்சக்கரங்களும், வாலில் ஒரு சிறு சக்கரமும் இருந்தன. எடையின் மையம் பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்தது. இதனால் விளையும் கேட்டை வகுப்பில் அம்பைக் கொண்டு நான் விளக்குவதுண்டு. முனை கனத்த அம்பு நேரே செல்லும். அதையே பின்முன்னாக எறிந்தால், கனத்த பக்கம் முன்னே வருமாறு திரும்பிக்கொள்ளும். அவ்வாறே, காற்று வாலைச் சற்றே தள்ளினாலும் பின்னுள்ள எடை முந்த முயலும். விமானி உடனே சுக்கானால் திருத்தாவிடில் சுழற்சி நேரும்.

அமெரிக்கப் பொறியியலார் பிரெட் வைக், விமானியின் திறமையை மட்டுமே நம்பியிராத ஓர் அமைப்பை நாடினார். 1940-இல் வெளிவந்த அவருடைய எர்கூப் விமானத்தில் மூன்றாம் சக்கரம் மூக்கின்கீழ் இருந்தது. எடையின் மையம் பெருஞ்சக்கரங்களுக்கு முன்னே வந்தது. மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பியபடி இறங்கினாலும், தரை தொட்டதும் அது தானே பாதைக்கு நேராகும். முன்சக்கரம் புதிய கண்டுபிடிப்பன்று. பழைய விமானங்கள் சிலவற்றிலும் அது இருந்ததுண்டு. அதன் அருமை இப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று. செஸ்னா நிறுவனம் 1948-இல் வெளியிட்ட வால்சக்கர விமானமாகிய 170-ஐத் திருத்தி, முன்சக்கரம் கொண்ட 172-ஐ 1956-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வகையில் 44,000-க்கும் மேற்பட்டவை உருவாயின. உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட விமானம் என்னும் பெயரை அது பெற்றது.

ஆயினும் காற்று அடங்கிவிடவில்லை. முன்சக்கர விமானத்தையும் அது ஓரந்தள்ளும், இறக்கையைத் தூக்கும். 172-இன் பிற்கால வகைகளின் கையேட்டில், சோதனையில் சமாளித்துக் காட்டிய குறுக்குக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஐயம் தோன்றினால் இறங்காமல் மேலெழுந்து, மற்றொரு சுற்று வருவதே விமானிக்கு அழகு.

பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்த எனக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. ஒரே பிழை பலர் கையிலும் திரும்பத் திரும்ப நேருமாயின், அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் அவர்கள் கையாளும் கருவியையும் ஆராய்தல் வேண்டும்.