பால்புதுமையர் இலக்கிய அரங்குகளும் தமிழ்ச் சொல்லாக்கமும்: மும்பையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

புதிய சொற்கள் வல்லுநர் குழுவில் பிறந்து, அகராதியில் ஏறி, அரசாணை வழியே மக்களிடம் சேரும் என்பது கலைச்சொல்லாக்கம் பற்றிய பொதுவான எண்ணம். பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் பெரும்பான்மையினரின் வேறுபட்டோரைக் குறிக்க இன்று வழங்கும் தமிழ்ச் சொற்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அச்சொற்களில் பல, உரியோர் கூடிப் பேசியும் எழுதியதைப் படித்துக் காட்டியும் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொண்டும் நிலைபெற்றவை. அரசு ஏற்பு இறுதியிலேயே வந்தது. இவ்வரலாற்றில் மும்பைக்கு உள்ள பங்கையும், தமிழின் பால்காட்டும் இலக்கணம் மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. மும்பை அரங்குகளும் அவற்றின் மொழியும்

இந்தியாவில் இவ்வகை எழுத்துக்கும் கூடுகைக்கும் தொடக்கக் களமாக அமைந்த நகரங்களுள் மும்பை முதன்மையானது. விஜய் டெண்டுல்கரின் 'மித்ராச்சி கோஷ்ட' என்னும் மராத்தி நாடகம் பெண்ணை விரும்பும் பெண்ணை மையப்பாத்திரமாக 1981இல் மேடையேற்றியது. 1990இல் அசோக் ராவ் கவி 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார். 1994இல் ஹம்சஃபர் அறக்கட்டளையும், 1995இல் பின்னர் 'லேபியா' எனப் பெயர்கொண்ட ஸ்திரீ சங்கம் என்னும் பெண்கள் குழுவும் தோன்றின. பின்னது 'ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் இதழை நடத்தியது. 2010இல் ஷோபனா குமார் தொடங்கிய 'குயர் இங்க்' நூல் விற்பனையோடு நில்லாது, 2012இல் 'அவுட்!' என்னும் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பையும் வெளியிட்டது. சச்சின் குண்டல்கரின் மராத்தி நாவல் 'கோபால்ட் ப்ளூ' (2006), மும்பை எழுத்தாளர் ஜெர்ரி பின்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பால் 2013இல் பரந்த வாசகரை அடைந்தது.

இவ்வெழுத்துகளின் மொழி ஆங்கிலமாகவோ மராத்தியாகவோ இருந்தமை கருதத்தக்கது. நெல்லைச் சீமையிலிருந்து சென்றோர் உழைத்து உருவாக்கிய தாராவி, அலுவலக ஊழியர் குடியேறிய மாட்டுங்கா, பின்னர்ப் பரவிய செம்பூர் என மும்பையில் தமிழர் வாழ்பகுதிகள் பல. எனினும், தமிழ்ப் பால்புதுமையர் எழுத்தின் முதன்மையான நூல்கள் தமிழ்நாட்டிலேயே அச்சேறின. மும்பை தமிழுக்கு அளித்தது அச்சுநூலன்று, பேச்சு வழக்கு.

3. செவிவழிச் சொற்கள்

தமிழ்நாட்டிலிருந்து மும்பை, புனே, தில்லி ஆகிய நகரங்களுக்குச் சென்ற திருநங்கையர் பலர் அங்குள்ள ஹிஜ்ரா ஜமாத்துகளில் சேர்ந்து வாழ்ந்தனர். வீட்டிற் பேசிய தமிழோடு ஜமாத்தின் இந்தி கலந்து ஒரு குழூஉக்குறி வழக்கு உருவாயிற்று. குரு, குருவின் மாணவியாகிய சேலா, குருவின் குருவாகிய நானி என்பன உறவுமுறைப் பெயர்கள். 'நானி' இந்தியில் தாயின் தாயைக் குறிப்பது. இரத்த உறவை இழந்தோர் அவ்வுறவுப் பெயர்களைக் கொண்டே வேறொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டதை இச்சொற்கள் காட்டுகின்றன.

மூத்தோரை வணங்குங்கால் கூறும் 'பாம்படுத்தி' என்பது, காலில் விழுகிறேன் எனப் பொருள்படும் இந்தித் தொடரின் திரிபு. இந்தித் தொடரின் பெண்பால் ஈறு அதில் உறைந்து கிடக்கிறது. தமிழ்ச்செவிக்கு அஃது ஈறாகத் தோன்றுவதில்லை. 'நிர்வாணம்' பொதுத்தமிழில் ஆடையின்மையையும் சமயத்தமிழில் வீடுபேற்றையும் சுட்டும். இவ்வழக்கில் ஆணுறுப்பு நீக்கும் சடங்கையும் அதன்வழிப் பெறும் மறுபிறப்பையும் சுட்டும். சூழல் அறியாத மொழிபெயர்ப்பாளர் முதற்பொருளைக் கொள்வாராயின் தொடர் முழுதும் பிழைபடும்.

4. அச்சேறிய வாழ்க்கை

இவ்வழக்கு அச்சில் இடம்பெறத் தொடங்கியது பிந்தியே. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) வெளியிலிருந்து பரிவோடு நோக்கிய நாவல். அகத்திலிருந்து எழுந்த எழுத்தாக அ. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2004இல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007இலும், பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' என்னும் நாவல் 2008இலும் வெளிவந்தன. ரேவதியின் தன்வரலாறு தமிழில் எழுதப்பட்டு, வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வெளிவந்தது. 'வெள்ளை மொழி' என்னும் தமிழ் நூல் 2011இல்தான் வந்தது. மூலத்திற்கு முன் மொழிபெயர்ப்பு அச்சேறிய இந்நிகழ்வு, இவ்வெழுத்துக்குத் தமிழைவிட ஆங்கிலத்தில் விரைவாக இடம் கிடைத்ததைக் காட்டுகிறது.

5. அரங்கிலிருந்து அரசிதழுக்கு

இந்நூல்களைச் சூழ்ந்து வாசக அரங்குகள் வளர்ந்தன. சென்னையில் 'ஓரினம்' குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை, கவிதை, கட்டுரைகளுக்கு இடமளித்தது. 2012 சூலையில் மதுரையில் சிருஷ்டி அமைப்பு நடத்திய விழாவில் பாலின வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. பிரியா பாபு மதுரையில் திருநர் ஆவண மையத்தையும் நூலகத்தையும் அமைத்தார். 'குயர் சென்னை குரோனிக்கிள்ஸ்' 2018 சூலையில் சென்னையில் முதல் குயர் இலக்கிய விழாவை நடத்தியது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒத்த உடன்பாடுடைய வயதுவந்தோருக்குப் பொருந்தாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள். ஆகவே, அவ்விழா நடந்தபோது அங்கு எழுதப்பட்ட காதல் சட்டத்தின் பார்வையில் குற்றமாகவே இருந்தது.

இக்காலகட்டத்தில் சொற்கள் மாறியமை தெளிவாகப் புலப்படுகிறது. இழிவுப் பெயர்களுக்கு மாற்றாக, கூவாகத்து அரவான் வழிபாட்டையொட்டி 'அரவாணி' வந்தது. கூத்தாண்டவர் மரபோடு தொடர்பில்லாதோர்க்கும் அது பெயராவது பொருந்துமா என்னும் வினா எழுந்தது; 'திருநங்கை' அதன் இடத்தைப் பெற்றது. 2008இல் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தபின் இச்சொல் வலுப்பெற்றது. 'நங்கை' பெண்பாலையே சுட்டுதலால் 'திருநம்பி'யும், இருவர்க்கும் பொதுவாகத் 'திருநர்' என்பதும் பிறந்தன. 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் ஒருவரின் வாழ்வை உடற்செயல் ஒன்றாகச் சுருக்குகிறது. 'தன்பாலீர்ப்பு' உள்ளத்தின் நாட்டத்தை முன்னிறுத்துகிறது. 'குயர்' என்பதற்குப் 'பால்புதுமை' வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள வசைப்பொருள் வரலாறு தமிழ்ச் சொல்லுக்கு இல்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

2021இல் பெண்ணிணையர் இருவர் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கில், நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகையோரை மதிப்போடு குறிக்கும் சொற்களின் தேவையை எடுத்துக்கொண்டார். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

6. தன்மை, படர்க்கை, திணை

சொற்பட்டியல் பெயர்களைத் தரும், வினைமுற்றைத் தராது. இந்தியில் 'மைன் கயா', 'மைன் கயீ' எனவும், மராத்தியில் 'மீ கெலோ', 'மீ கெலே' எனவும் தன்மையிலேயே பேசுவோர் தம் பாலை வெளிப்படுத்தியாக வேண்டும். தமிழில் 'நான் போனேன்' என்பது பால் காட்டாது. ஆனால் படர்க்கை ஒருமையில் ஆன், ஆள் என்னும் ஈறுகளுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். அல்லது ஆர் ஈற்றின் மதிப்புப் பன்மையை நாட வேண்டும். எனவே, தமிழ்த் தன்வரலாறு ஒன்று மும்பை வாசகர்க்காக மராத்தியிலோ இந்தியிலோ பெயர்க்கப்படுமாயின், மூலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பாளர் வரிதோறும் சொல்ல நேர்கிறது. ஆணாக வளர்க்கப்பட்ட சிறுவயதுப் பகுதிக்கு எந்த ஈறு? இஃது இலக்கண வினாவன்று. அவர் யார் என்னும் வினா.

தமிழ் இலக்கணிகள் இதனை முன்பே எதிர்கொண்டனர். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறில்லை எனக் கண்ட தொல்காப்பியர், அதனை உயர்திணையுள் வைத்து அத்திணைப் பால்முடிபு கொள்ளும் என்றார். நன்னூலார் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் கொண்டார். ஒருவர் அவாவுவதே பாலை உறுதிசெய்யும் என்னும் இக்கருத்து இன்றைய நோக்கிற்கு நெருக்கமானது. எனினும், அவரே இவர்களை அஃறிணையாகச் சொல்லவும் இடந்தந்தார். பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் இடைப்பட்ட அத்தொலைவே இன்றும் தெருவில் ஒரு திருநங்கை கேட்கும் 'அவள்', 'அது' என்னும் இரு விளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு.

7. முடிவுரை

மும்பை ஜமாத்துகளில் செவிவழி பெற்ற வழக்கு, தமிழ்நாட்டில் நூலாகி, அரங்குகளில் உரசி, அரசிதழை அடைந்தது. இப்பெயர்களுக்கு ஆணை அமைத்தோர் வழிமொழிந்தவரே; முன்மொழிந்தோர் எழுதியோரும் படித்தோரும் ஆவர். பெயர்கள் இன்னும் மாறக்கூடும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் சொற்பட்டியலோடு அமையாது, உரியவர் தம்மை எவ்வாறு சுட்டிக்கொள்கிறார் என்பதைக் கேட்டறிந்து ஈற்றினைத் தெரிதல் கடமையாகும். தாராவியின் பேச்சுத்தமிழுக்கும் இந்நூல்களின் எழுத்துத்தமிழுக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலை முறையாகத் தொகுப்பது மொழியியலார் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணி.