15 வரி எல்லை: திறமூல மென்பொருளில் சிறு திருத்தங்களின் வரலாறு

திறமூல மென்பொருளுக்கு வெளியார் ஒருவர் சிறு திருத்தம் அளிப்பது எளிதாகி வந்த வரலாறு, பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்ற 'டிஃப்', இரு கோப்புகளின் வேறுபாட்டை மட்டும் பிரித்துக் காட்டியது. 1985இல் லாரி வால் வெளியிட்ட 'பேட்ச்', அவ்வேறுபாட்டைப் பிறர் வைத்திருக்கும் படியில் பொருத்தியது. அப்படி சற்றே மாறியிருப்பினும், சூழ்ந்துள்ள வரிகளைக் கொண்டு உரிய இடத்தை அது கண்டறிந்தது. 2005இல் 'கிட்', 2008இல் 'கிட்ஹப்' என இவ்வரிசை நீள்கிறது. இவ்வரிசையில் இடம்பெறாத தடையொன்று உண்டு, அது பதிப்புரிமை.

க்னூ திட்டத்தின் ஜிசிசி, ஈமேக்ஸ் முதலிய மென்பொருள்களுக்குப் பங்களிப்போர், தம் நிரலின் உரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தரவேண்டும் என்பது நெடுநாள் விதி. உரிமம் மீறப்பட்டால் வழக்குத் தொடுக்க ஒரே உரிமையாளர் இருப்பது வசதி என்பதே இதன் காரணம். பணியில் இருப்பவராயின் முதலாளியின் உரிமைத்துறப்பும் தேவைப்படலாம். சிறு திருத்தத்திற்கு இது மிகை என்பதை அத்திட்டமே உணர்ந்திருந்தது. ஏறத்தாழ 15 வரிகளுக்கு உட்பட்ட மாற்றத்திற்குப் பத்திரம் வேண்டியதில்லை என அதன் வழிகாட்டி விலக்களிக்கிறது. ஆயினும் ஒருவரே அளிக்கும் சிறு மாற்றங்கள் சேர்ந்து பெரும் பங்களிப்பாகலாம் என்றும் அது கூறுகிறது. இதனால் மீண்டும் மீண்டும் உதவ வருபவரே பத்திரத்தை எதிர்கொள்ள நேர்ந்தது, விந்தையான விளைவுதான்.

லினக்ஸ் கெர்னலில் உரிமை மாற்றப் பத்திரம் என்றும் இருந்ததில்லை. ஆனால் யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் புகுத்தப்பட்டதெனக் கூறி, 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தபின், ஒவ்வொரு வரியும் யாரிடமிருந்து வந்தது எனக் காட்டவேண்டிய நெருக்கடி எழுந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் முன்வைத்த தீர்வு, திருத்தத்தின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒற்றை வரி. 'இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு' எனும் உறுதிமொழியாக அது கொள்ளப்பட்டது. உரிமை எழுதியவரிடமே தங்கியது. மூன்று வரி அளிப்பவருக்கும் மூவாயிரம் வரி அளிப்பவருக்கும் நடைமுறை ஒன்றானது. சிறு திருத்தத்தின் வரலாற்றில் இவ்வொற்றை வரி, கிட்ஹப்பின் பொத்தானுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து. வழக்கிற்கு அஞ்சி எழுந்த ஏற்பாடு வாயிலை அடைக்காமல் விட்டது அரிதான நிகழ்வு.

ஜிசிசி இம்முறையை ஏற்க 2021 ஆயிற்று. ஜிலிப்சியும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. ஈமேக்ஸில் 15 வரிக் கணக்கு இன்றும் நடைமுறையில் உள்ளது.