புதிய கணினியில் நெட்வொர்க் கார்டு, ரெய்டு கோளாறுகளைக் கண்டறிதல்

புதிதாகப் பாகம் சேர்த்துப் பூட்டிய கணினியில் அடிக்கடி எழும் கோளாறுகள் இரண்டு: இணையம் வராமல் போவது, வன்தட்டுத் தொகுப்பு தென்படாமல் போவது. முதலாவது நெட்வொர்க் கார்டு எனப்படும் வலைப்பின்னல் அட்டையைச் சார்ந்தது. இரண்டாவது, பல வன்தட்டுகளை இணைத்து ஒரே வட்டுபோல் இயங்கச் செய்யும் ரெய்டு என்ற ஏற்பாட்டைச் சார்ந்தது. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே மதர்போர்டில், ஒரே பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் கிளைகளில், ஒரே பயாஸின் ஆட்சியில் இருப்பவை. ஆகவே புதிய கணினியில் இவை முரண்டு பிடித்தால், பாகம் பழுது என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதக் கூடாது. பாகங்களுக்கு இடையிலான இசைவு எங்கே அறுந்தது என்று கீழிருந்து மேலாகப் பார்த்துவருவதே பொருத்தமான முறை.

சந்தேகம் தொடங்க வேண்டிய இடம்

ரெய்டு என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் எண்ணிக்கை கூடக்கூட அவற்றில் ஏதோ ஒன்று சாகும் வாய்ப்பும் கூடும். எனவே ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி உபரித் தகவலை எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வட்டு சாகும் என்பதையே அடித்தளமாகக் கொண்டு பிறந்த ஏற்பாடு இது. அதனால் தொகுப்பு குலைந்தால் குற்றவாளி வட்டுதான் என்ற எண்ணம் பயனர் மனத்தில் எளிதாக ஊன்றிவிடுகிறது. ஆனால் கணக்கு அதற்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தினரும் நெட்ஆப் நிறுவனத்தினரும் சேர்ந்து, சுமார் 39,000 சேமிப்பு அமைப்புகளில் இருந்த ஏறத்தாழ 18 லட்சம் வட்டுகளின் 44 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேமிப்புக் கோளாறுகளில் வட்டின் பங்கு, அமைப்பின் வகையைப் பொறுத்து, 20 முதல் 55 விழுக்காடு. கேபிள், வட்டுப்பெட்டி முதலிய இணைப்புகளின் பங்கு 27 முதல் 68 விழுக்காடு. இவை பெரிய நிறுவனங்களின் சேமிப்பு அமைப்புகளுக்கான எண்கள்; வீட்டுக் கணினிக்கு அப்படியே பொருந்தா. இருந்தாலும், சேர்த்துச் சோதித்து விற்கப்படும் அமைப்புகளிலேயே இணைப்பு இந்த அளவு பிசகுகிறது. நேற்று கையால் செருகிய கேபிளும், இன்றுதான் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திக்கும் பாகங்களும் கொண்ட கணினியில் இணைப்பை முதலில் சந்தேகிப்பதில் தவறில்லை.

அடையாளமும் டிரைவரும்

இயங்குதளம் ஒரு கார்டை அறிவது பெட்டியில் அச்சிட்ட பெயரால் அன்று. ஒவ்வொரு பிசிஐ சாதனமும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது: ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது சாதன எண். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. அது அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலியின் பெயரும்கூட. டிரைவர் ஒவ்வொன்றும் தான் இயக்கவல்ல எண்களின் பட்டியலை வைத்திருக்கும். பட்டியலில் எண் இல்லையென்றால், குறையே இல்லாத கார்டும் இயங்குதளத்தின் கண்ணுக்குப் பெயரற்ற பொருளாகவே கிடக்கும். ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப்பான ஆர்டிஎல்8125 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸ் கெர்னல் தன் சொந்த டிரைவரில் அதைச் சேர்த்துக்கொண்டது 2019 நவம்பரில் வெளியான 5.4 பதிப்பில்தான். புதிய மதர்போர்டில் அதற்கு முந்தைய கெர்னலை நிறுவியவருக்கு கார்டு செத்துப்போனதாகவே தோன்றியிருக்கும். எனவே விசாரணைக்கு மூன்று படிகள் உண்டு. சாதனம் பிசிஐ பட்டியலில் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. அதற்கு டிரைவர் ஒட்டியிருக்கிறதா என்பது இரண்டாவது. கேபிளின் மறுமுனையோடு தொடர்பு எழுந்து விளக்கு எரிகிறதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பிறகே ஐபி முகவரி, ரூட்டர் என்று மேலே போவதில் பொருள் உண்டு. மூன்றாம் படியில் வேகத்தையும் கவனிக்க வேண்டும். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே கிகாபிட் கார்டு 100-இலேயே நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கார்டை அல்ல, கிரிம்ப் செய்த முனையை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்ற சிக்கலை, கைபேசியை யுஎஸ்பி வழியே இணைத்து அதன் இணையத்தைக் கடன்வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம்.

வட்டுத் தொகுப்புக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ரெய்டு கணினியில் இயங்குதளத்தை நிறுவ, தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரை ஊட்ட வேண்டியிருந்தது. ஃப்ளாப்பி மறைந்தது, தேவை மறையவில்லை. இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிகளோடு வந்த கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு என்விஎம்இ வட்டுகளைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறது. அதற்கான டிரைவரைக் கொடுக்காவிட்டால், வட்டு எதுவுமே இல்லை என்று விண்டோஸ் நிறுவி கைவிரித்துவிடும். பயாஸ் திரையில் வட்டு தெரிந்து நிறுவியில் தெரியாமல் போனால், வட்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இங்கே அறுந்திருப்பது இரண்டாம் படி.

பொதுவான தடம்

கார்டும் தொகுப்பும் ஒன்றாகத் தடுமாறினால் அது தற்செயலாக இருப்பது அரிது. பழைய பிசிஐ முறையில் பல சாதனங்கள் செயலியை அழைக்க ஒரே குறுக்கீட்டுக் கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும். அதில் வரும் அழைப்புக்கு எந்த டிரைவரும் பொறுப்பேற்காமல், 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், லினக்ஸ் அந்தக் கம்பியையே அணைத்துவிடும். கத்திக்கொண்டிருந்தது நெட்வொர்க் கார்டாக இருக்கலாம். ஆனால் அதே கம்பியில் தொங்கிய வட்டுக் கட்டுப்படுத்தியும் கூடவே வாயடைத்துப்போகும். வட்டு செத்ததாகப் பதிவேடு சொல்லும். காரணம் பக்கத்து வீட்டில் இருக்கும். அழைப்பைச் செய்தியாக அனுப்பும் எம்எஸ்ஐ முறை இந்த நெரிசலைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனால் பங்கீடு வேறு வடிவங்களில் தொடர்கிறது. பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் வட்டைச் செருகினால் ஓரிரு சாட்டா துளைகள் தாமாகவே அணைந்துவிடும். கையேட்டின் ஓர் ஓரத்தில் அது அச்சாகியிருக்கும். நான்கு வட்டுத் தொகுப்பில் ஒன்று காணோம் என்ற புகாருக்குப் பின்னால் இந்த ஒரு வரி இருப்பதுண்டு. இன்னொரு வடிவம் பெயர் தொடர்பானது. 2013 முதல் லினக்ஸின் சிஸ்டம்டி, நெட்வொர்க் கார்டுக்கு அது செருகப்பட்டிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறது. புதிய என்விஎம்இ வட்டு ஒன்றைச் சேர்த்ததும் பிசிஐ வரிசை எண் நகரலாம். இஎன்பி3எஸ்0 என்றிருந்த கார்டு இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு அநாதையாகி இணையம் நின்றுபோகும். வட்டைச் சேர்த்தால் வலை அறுவது மாயமல்ல, முகவரி மாற்றம். இவற்றுக்கெல்லாம் அடியில் ராமும் மின்வழங்கியும் இருக்கின்றன. பெட்டியில் குறித்த உச்ச வேகத்துக்கு ராமை முடுக்கிவிட்டு அது ஒத்துவராமல் போனால், கெடும் பிட்டுகள் ஒரு நாள் வட்டுத் தொகுப்பின் சரிபார்ப்பிலும் இன்னொரு நாள் இறக்கிய கோப்பிலும் தலைகாட்டும். இரு இடத்திலும் காரணமற்ற பிழை தெரிந்தால் முதலில் ராம் சோதனையை ஓடவிடுவது, வேறெதையும் கழற்றுவதைவிட மலிவு.

எழுதுவதற்கு முன் வாசித்தல்

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு கோளாறுகளும் பிரிகின்றன. நெட்வொர்க் கார்டில் தவறாகக் கைவைத்தால் போவது நேரம். தொகுப்பில் தவறாகக் கைவைத்தால் போவது தரவு. ரெய்டில் சேர்ந்த வட்டு ஒவ்வொன்றும் தான் எந்தத் தொகுப்பின் எத்தனையாவது உறுப்பு என்ற குறிப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. பல வகைகளில் அது வட்டின் கடைசிப் பகுதியில் இருப்பதால், வட்டின் முன்பகுதியை அழித்தாலும் பிழைத்துவிடும். பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் பூட்டிய வட்டை நிறுவி ஏற்க மறுப்பதற்கு இந்தப் பழைய குறிப்பு ஒரு காரணம். பயாஸைப் புதுப்பித்ததும் ரெய்டு என்ற தெரிவு, வட்டுகளைத் தனித்தனியே இயக்கும் ஏஎச்சிஐக்குத் திரும்பி, தொகுப்பு தனித்தனி வட்டுகளாகச் சிதறித் தெரிவதும் உண்டு. அந்நேரத்தில் திரை காட்டும் 'புதிய தொகுப்பை உருவாக்கு' என்ற வாய்ப்பை ஏற்பவர், தெரிவை மாற்றினாலே மீண்டிருக்கக்கூடியதைத் தன் கையாலேயே அழிக்கிறார். ஆகையால் தொகுப்பு விஷயத்தில் விதி ஒன்றே: குறிப்புகளையும், வட்டுகள் தம் நலம் பற்றித் தாமே தரும் அறிக்கையையும் முதலில் வாசிக்க வேண்டும், எழுதும் செயல் எதுவும் கடைசியில்தான். அந்த அறிக்கையில் 199-ஆம் வரி, கேபிள் வழியே வந்த தரவில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. 5, 197 ஆகியவை வட்டின் பரப்பில் கெட்ட இடங்களைச் சொல்பவை. 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் வட்டை மாற்றுபவர் தவறான இடத்தில் செலவு செய்கிறார்.

நலமான வட்டும் தொகுப்புக்கு ஒவ்வாததாக இருக்கலாம். வீட்டுப் பயன்பாட்டு வட்டு, வாசிக்க முடியாத ஓர் இடத்தை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸோ 30 விநாடியில் பொறுமை இழந்துவிடும். தொகுப்புக்கென்று செய்த வட்டுகள் சில விநாடிகளிலேயே தோல்வியை ஒப்புக்கொள்கின்றன. இழந்த பகுதியை மற்ற வட்டுகளிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்பதே காரணம். தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று சரித்து எழுதும் எஸ்எம்ஆர் வட்டுகளும் இப்படித்தான். தொகுப்பை மறுகட்டமைக்கும்போது வரும் இடைவிடாத எழுத்தில் அவை திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் எனப்படும் வலைவழிச் சேமிப்புப் பெட்டிகளுக்கென விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வட்டுகள் சிலவற்றில் இம்முறை இருந்ததை 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அங்கே வட்டு பழுதில்லை, தொகுப்பும் பழுதில்லை. இரண்டும் ஒன்றிடம் ஒன்று எதிர்பார்த்ததுதான் பொருந்தவில்லை.

மறுப்புகளும் எல்லைகளும்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு, புதிய பாகங்களும் பழுதாகவே வரக்கூடும் என்பது. அது உண்மை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைப் பற்றி கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு வட்டுகளின் பழுது ஆண்டுக்கு 1.7 விழுக்காடு, மூன்றாண்டு வட்டுகளில் 8.6. அதிக வேலை வாங்கப்படும் வட்டுகள் மிக இளம் வயதிலேயே சாவதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே பாகத்தின் பழுது விலக்கப்பட்டதல்ல, வரிசையில் பின்தள்ளப்பட்டது மட்டுமே. இன்டெல் 2011 ஜனவரி 31 அன்று தன் 6-வரிசை சிப்செட்டில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்தது. விநாடிக்கு 3 கிகாபிட் வேகச் சாட்டா துளைகள் நாளடைவில் தேயக்கூடும்; 6 கிகாபிட் துளைகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. அன்று வட்டை மாற்றியவருக்குக் கோளாறு தீர்ந்திராது. அதே வட்டை வேறு துளைக்கு மாற்றியவருக்கு விடை கிடைத்திருக்கும். வன்பொருள் பழுதுக்கான இந்த எடுத்துக்காட்டிலும் குற்றம் வட்டில் இல்லை, வழியில்தான் இருந்தது.

இவ்வளவு விசாரிக்கும் நேரத்தில் புதிய கார்டு ஒன்றை வாங்கிச் செருகிவிடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. கேபிளைப் பொறுத்தவரை அதை ஏற்கலாம். மாற்றிப்பார்ப்பதே மலிவான சோதனை. கார்டை மாற்றும்போதோ டிரைவர், செருகிடம், குறுக்கீடு, பெயர் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. கோளாறு தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. சில வேளை தீர்வதுமில்லை. 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் முன்னோட்டப் பதிப்புகளை ஓட்டிய கணினிகளில், இ1000இ டிரைவரால் இயங்கும் இன்டெல் கார்டுகளின் நிரந்தர நினைவகம் அழிந்து, அவை செயலற்றுப்போயின. எல்லோர் கண்ணும் அந்த டிரைவர் மேல்தான் இருந்தது. கடைசியில் சிக்கியது, கெர்னலின் செயல்பாட்டைப் பின்தொடரும் எஃப்ட்ரேஸ் என்ற வேறொரு பகுதி. விடுவிக்கப்பட்ட நினைவக முகவரி ஒன்றில் அது எழுத முயன்றது. அதற்குள் அந்த முகவரி கார்டின் நினைவகத்துக்குப் போயிருந்தது. 2.6.27.1 பதிப்பு அப்பகுதியை அணைத்துவைத்தது. அதற்கு முன் கார்டை மட்டும் மாற்றியவர், இரண்டாவது கார்டையும் அதே ஆபத்தின் வாயில் வைத்தவராவார்.

எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டால் போதும் என்பது மூன்றாவது மறுப்பு. டிரைவர் பட்டியலில் எண் இல்லாத இடத்தில் அது சரியான மருந்துதான். ஆனால் பயாஸ், டிரைவர், வட்டின் ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால், முந்தைய நிலைக்குத் திரும்பும் வழியும் மூடிவிடும். ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு என்ற ஒழுங்கு மெதுவானதுதான். அதன் பயன் இரண்டு வழியில் வரும். இசைவின் குறை என்றால், அது எந்தப் படியில் என்பது எழுத்தில் இருக்கும். பாகத்தின் பழுதேதான் என்றால், உத்தரவாதக் காலம் முடியுமுன் விற்றவர் முன் வைக்கச் சான்று கையில் இருக்கும்: இந்தத் துளையிலும் அந்தத் துளையிலும், இந்தக் கேபிளிலும் அந்தக் கேபிளிலும், வேறொரு கணினியிலும் அதே பாகம் அதே விதமாகத் தவறியது என்ற பட்டியல்.