மலைநாட்டுக் காட்டை அளக்கும் வகை

காடு குறைந்ததோ என வினவுவோர் பெரும்பாலும் பரப்பளவையே நோக்குவர். நுவரெலியா, அற்றன் மலைகளின் வரலாற்றை அறிதற்கு அஃதொன்று போதாது. எஞ்சிய காடு எத்தனை துண்டுகளாய்க் கிடக்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

சதுர வடிவாய் அமைந்த ஒரு சதுரமைற் காட்டின் விளிம்பு 4 மைல். அதனையே 16 சமசதுரங்களாகப் பிரித்து இடைவிட்டு வைப்பின், விளிம்பு 16 மைலாகும். பரப்புக் குறையவில்லை; ஆயின் வெயிலும் காற்றும் புகும் வாயில் நான்மடங்காயிற்று. ஆதலின் ஆய்வாளர் துண்டுகளின் தொகை, அவற்றுட் பெரியதன் பரப்பு, விளிம்பின் நீளம், இடைத்தூரம் என்பவற்றைப் பல காலத்துப் படங்களில் அளந்து ஒப்பிடுவர்.

1840ஆம் ஆண்டுச் சட்டம், உரித்து நாட்டப்படாத காடுகளை முடிக்குரியனவாகக் கொண்டது. அவை விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியவே, தேயிலை பரவிற்று. 1873இல் ஜோசப் ஹூக்கர் வற்புறுத்தியபின், 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. அதனால் உச்சியிற் பெருங்காடு நின்றது; கீழே ஓடைக்கரைகளிலும் முகடுகளிலும் சிறு துண்டுகளே எஞ்சின.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் உலக மரபுரிமையுட் சேர்ந்தது. தேயிலைக்கிடையே நிற்கும் பெயரற்ற துண்டுகளுக்கு அப்புகழில்லை. எனினும், காட்டிற்கும் காட்டிற்கும் இடையே பறவைக்கும் விதைக்கும் வழியாவன அவையே.

மாணவர் இரு காலத்து நிலப்படங்களைக் கட்டத்தாளில் வரைந்து இவற்றை எண்ணலாம். அத்துடன் லயங்களில் வாழும் முதியோரையும் வினவுக. காடழித்துத் தோட்டமாக்கிய கைகள் அவர்தம் முன்னோருடையன. படத்திற் காணாத வரலாறு அவர்கள் நினைவில் உளது.