கேரவன் திருட்டும் தடுப்பும் (பிரிட்டன்)

கேரவன் என்று பிரிட்டனில் சொல்வது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீட்டை. படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவன் வேறு, இது வேறு. படுக்கை, சிறு சமையல் மேடை, எரிவாயு அடுப்பு, கழிப்பறை எல்லாம் இதற்குள் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. எஞ்சின் இல்லாததால் ஸ்டார்ட் செய்யச் சாவியும் இல்லை, ஸ்டியரிங் பூட்டும் இல்லை. பின்புறம் 50 மில்லிமீட்டர் இழுவைக் குண்டு பொருத்திய கார் எதுவாக இருந்தாலும், எடை தாங்குமானால், ஐரோப்பாவின் எந்தக் கேரவனையும் சில நிமிடங்களில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். குடும்பத்துக்கு இது எவ்வளவு வசதியோ, திருடனுக்கும் அவ்வளவு வசதி. கேரவன் பாதுகாப்பு பற்றிய எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒரு பலவீனத்தை அடைக்கப் பிறந்தவைதாம்.

தொடக்க காலத்தில் இந்தக் கவலை இருந்திருக்க நியாயமில்லை. பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகக் கருதப்படுவது, கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் செய்வித்த ‘வாண்டரர்’. ஏறத்தாழ 2 டன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். வண்டியோட்டியும் பணியாளும் உடன் வந்தார்கள், நாயும் கூடவே வந்தது. அந்த வண்டி ஆளில்லாமல் நின்ற நேரமே குறைவு. 1919-இல் பர்மிங்காமில் எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களை விற்பனைக்குச் செய்யத் தொடங்கிய பிறகுதான், ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடி மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும் பொருளாகக் கேரவன் மாறியது. திருட்டுக்கு வழிவிட்டது இந்தச் சும்மா நிற்கும் காலம். குளிர்காலம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத வண்டி என்றைக்குக் காணாமல் போனது என்பதே உரிமையாளருக்குத் தெரியாமல் போகும். போலீசிடம் தேதி சொல்ல முடியாத புகாரில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும் உதவுவதில்லை.

அடையாளம் இல்லாத வண்டி

பிரிட்டனில் காருக்குப் பதிவு கட்டாயம், கேரவனுக்கு இல்லை. அரசின் பதிவுப் புத்தகம் கிடையாது, தனக்கென்று நம்பர் பிளேட்டும் கிடையாது. எந்தக் கார் இழுக்கிறதோ அந்தக் காரின் எண்ணையே கேரவனின் பின்புறத்திலும் மாட்ட வேண்டும் என்பது சட்டம். இதன் விளைவை யோசித்துப் பார்க்க வேண்டும். திருடியவன் தன் காரின் எண்ணைப் பின்னால் மாட்டிவிட்டால், நெடுஞ்சாலையில் எதிர்ப்படும் காவலருக்கு அந்த வண்டியில் சந்தேகப்பட எதுவுமே இல்லை. ஜெர்மனியில் கேரவனுக்குத் தனிப் பதிவும் தனி எண்ணும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் மாநிலப் பதிவு உண்டு. அங்கே செகண்ட்-ஹேண்ட் வண்டி வாங்குபவர் 2012-இல் நாடு முழுமைக்கும் வந்த பிணைச் சொத்துப் பதிவேட்டில் எண்ணைக் கொடுத்து, கடன் பாக்கி உள்ளதா, திருட்டுப் புகார் உள்ளதா என்று பார்த்துக்கொள்கிறார். பிரிட்டனில் 2018-இல் வந்த டிரெய்லர் பதிவுச் சட்டம்கூட வெளிநாடு போகும் வணிக டிரெய்லர்களையும் மிகக் கனமான டிரெய்லர்களையும்தான் கட்டாயப்படுத்தியது. சாதாரணக் குடும்பக் கேரவனை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஒரு நல்ல வாய்ப்பு அப்போது நழுவிப் போனது என்றே சொல்ல வேண்டும்.

அரசு செய்யாததைத் தொழில்துறை செய்தது. தேசியக் கேரவன் கவுன்சில் 1992-இல் ‘கிரிஸ்’ என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தது. கவுன்சிலின் உறுப்பு நிறுவனங்கள் செய்யும் ஒவ்வொரு கேரவனுக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் ஒன்று கிடைக்கிறது. அது அடிச்சட்டத்தில் குத்தப்படுகிறது, ஜன்னல்களிலும் பொறிக்கப்படுகிறது. உடலுக்குள் மறைத்து வைத்த மின்னணுச் சில்லுகளும் பின்னர் சேர்ந்தன. அதற்குரிய கருவியைக் கேரவன் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே ஒளிந்திருக்கும் எண் தெரிந்துவிடும். பழைய வண்டிகளையும் விண்ணப்பித்துச் சேர்க்கலாம். காவல்துறைக்கு இந்தப் பதிவேட்டைப் பார்க்கும் வசதி உண்டு.

முறை நல்லதுதான்; ஓட்டை மனிதப் பழக்கத்தில் இருக்கிறது. முதல் உரிமையாளர் பெயர் பதிவாகிவிடுகிறது. அவர் விற்கும்போது, வாங்கியவர் சிறு கட்டணம் செலுத்திப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டாயம் இல்லாததால் பலரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். வண்டி திருடு போய் மீட்கப்படும் நாளில், பதிவேடு இரண்டு கை முன்னால் விற்றுவிட்டுப் போனவரின் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கும். பதிவு ஆவணத்தைக் கேரவன் இழுப்பறையிலேயே வைத்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். வண்டியோடு விற்பனைக்கான தாளும் திருடன் கைக்குச் சேர்ந்துவிடுகிறது.

பூட்டுகள்

இழுவைக் கொக்கிக்கான பூட்டும் சக்கரப் பூட்டும்தான் அடிப்படை. பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆளில்லாமல் நிற்கும் கேரவனுக்கு இவற்றைப் பாலிசியிலேயே நிபந்தனையாக எழுதிவிடுகின்றன. பூட்டு வாங்கிய ரசீது இருந்தால் போதாது, திருட்டு நடந்த நேரத்தில் மாட்டியிருந்திருக்க வேண்டும். பூட்டு தோட்டத்துக் கொட்டகையில் கிடந்திருந்தால் இழப்பீடு வராது.

கொக்கிப் பூட்டு, இணைப்புத் தலையின் மேல் இரும்புப் பெட்டிபோல் கவிழ்ந்து, கைப்பிடியைத் தூக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. மலிவான வகைகள் கைப்பிடியோடு நின்றுவிடும். அவற்றை உடைக்கவே வேண்டாம்: இணைப்புத் தலையை இழுவைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, வேறொரு தலையை மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். சங்கிலியால் கட்டி இழுப்பதையும் எந்தக் கொக்கிப் பூட்டாலும் தடுக்க முடியாது. ஆகவே போல்ட்டுகளையும் மூடும் பூட்டைத்தான் வாங்க வேண்டும், அதோடு சக்கரத்தையும் கட்டிப்போட வேண்டும்.

சக்கரப் பூட்டில் இரண்டு ரகம். ஒன்று, டயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப். மற்றொன்று சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பூட்டுவது. இரண்டாவது வகையில் பெயர் பெற்றது ஆல்-கோ. 1931-இல் ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் கோபர் தொடங்கிய பட்டறை இன்று கேரவன் அடிச்சட்டங்களுக்குப் பெயர்போன நிறுவனமாகிவிட்டது. அவர்களுடைய பூட்டின் நடுப்பகுதி அலாய் சக்கரத்தின் இரண்டு ஆரங்களுக்கு நடுவே நுழைந்து, பின்னால் அச்சில் பொருத்திய ஏற்புத் துளையில் போய்த் திருகிக்கொள்கிறது. சக்கர வடிவத்துக்கு ஏற்ப அந்த நடுப்பகுதியும் மாறும். எதிரே குனிந்து பார்த்தால் ஆர இடைவெளியும் துளையும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். விரல் அகலம் தவறினாலும் போல்ட் பிடிக்காது. வண்டியைத் துளி முன்னே, துளி பின்னே என்று நகர்த்தியோ, ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றியோ சரிசெய்ய வேண்டும். மழையிலும் சேற்றிலும் இதைச் செய்கிறவர்களின் எரிச்சல் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மாட்டிவிட்டால் இந்தப் பூட்டை வண்டியிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. இரட்டை அச்சுக் கேரவனுக்கு இரண்டு பூட்டு தேவை, ஒன்று போட்டால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு மற்றதில் உருட்டலாம்.

குளிர்காலத்தில் சக்கரங்களையே கழற்றி வைத்துவிடுவோரும் உண்டு. திருடர்கள் சொந்தச் சக்கரத்தோடு வருவதால் அதை மட்டும் நம்ப முடியாது. கட்டிங் மிஷினுக்கு முன்னால் எந்த இரும்பும் கடைசிவரை நிற்காது என்பதும் உண்மை. பூட்டு வாங்கித் தருவது நேரமும் சத்தமும். ஊர் விழிக்க அது போதும். பூட்டின் தரத்தை ‘சோல்ட் செக்யூர்’ அமைப்பின் தரவரிசை சொல்லும். எசெக்ஸ், நார்த்தம்பிரியா காவல்துறைகள் சேர்ந்து 1992-இல் தொடங்கியது அது. இப்போது பூட்டுத் தொழிலாளர் சங்கம் நடத்துகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று நான்கு படிகள்.

வீட்டு முற்றத்தில் நிறுத்துவோர் கொக்கிப் பக்கம் வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துவதும், வாசலில் கான்கிரீட்டில் ஊன்றிய மடக்குத் தூண் வைப்பதும் செலவு குறைந்த நல்ல வழிகள். முற்றம் இல்லாதவர்களுக்கு வாடகைக் காப்பிடங்கள் இருக்கின்றன. 1999-இல் அமைந்த கேரவன் காப்பிட உரிமையாளர் சங்கம் வேலி, கேமரா, நுழைவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்த்துத் தரம் வழங்குகிறது. உயர் தரக் காப்பிடத்தில் விட்டால் காப்பீட்டுத் தொகையில் சலுகையும் கிடைக்கலாம்.

பின்தொடரும் கருவிகள்

டிராக்கர் செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தைக் கண்டு, செல்பேசி வலையமைப்பு வழியாகத் தகவல் அனுப்புகிறது. இரும்புத் தகடு வேய்ந்த கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளிவிட்டால் அந்தச் சிக்னல் மங்கிவிடும். வானொலி அலை கொண்டு தேடும் வகை அங்கே உதவும். பேட்டரியிலும் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் கேரவனில் பேட்டரி இறங்கிவிட்டால் டிராக்கரும் உயிர்விடும். கூரையில் ஒரு சிறு சூரியத் தகடு இதைத் தீர்க்கும்.

2021 ஏப்ரலில் வந்த ஏர்டேக் என்ற ஆப்பிளின் சிறு இடங்காட்டி மலிவானது என்பதால் பலர் அதை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். ஒருவரை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க ஆப்பிள் வைத்த எச்சரிக்கை, முன்பின் அறியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று பக்கத்திலிருக்கும் ஐபோனுக்குச் சொல்லிவிடும். பின்னர் ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இதேபோன்ற எச்சரிக்கை விரிவானது. அந்தக் காப்பு அவசியமானது, குறை சொல்ல முடியாது. ஆனால் திருடன் கையிலிருக்கும் போனும் அதே எச்சரிக்கையைப் பெறும். ஆகவே இதை முழு டிராக்கருக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது.

உள்ளேயும் வெளியேயும் உள்ள பொருள்கள்

முழு வண்டியைவிட எளிதாகப் போவது அதைச் சுற்றிக் கிடப்பவை: ஜெனரேட்டர், எரிவாயு சிலிண்டர், பேட்டரி, சைக்கிள், சூரியத் தகடு, கேரவனை நகர்த்தும் மோட்டார். வெளிப்பக்கப் பெட்டிகளின் பூட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஏராளமான கேம்பிங் வண்டிகளின் பெட்டிகள் சி.எச். 751 என்ற ஒரே சாவிக்குத் திறக்கும். அந்த எண் சாவியிலேயே இருக்கும், சாவியோ கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து வண்டிக்காரர் சாவி நம் பெட்டியைத் திறக்கிறது என்பது அங்கே பரவலாகத் தெரிந்த விஷயம். இதற்கு மாற்றாகப் பலர் போடும் குழல்சாவிப் பூட்டிலும் தரம் பார்க்க வேண்டும். 2004-இல், பெயர்பெற்ற சைக்கிள் பூட்டு ஒன்றின் குழல்வடிவத் துளையைப் பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழாய் திறந்துவிடுகிறது என்று வெளிப்பட்டு, கிரிப்டனைட் நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரத்தின் ஜிப்பில் குட்டிப் பூட்டுப் போடுவது வீண். துணியைக் கிழிக்க ஒரு கத்தி போதும். உள்ளே பொருள் இருக்கிறது என்று பூட்டே காட்டிக்கொடுக்கிறது. இரவில் சைக்கிள்களை ஒன்றோடொன்று பிணைத்து, அதே சங்கிலியைக் கேரவனின் அடிச்சட்டத்தில் கோக்க வேண்டும். ஜெனரேட்டரின் கைப்பிடியில் கோக்காமல் உலோகச் சட்டத்தில் கோக்க வேண்டும். பிளாஸ்டிக் பிடியை ஒரு ரம்பம் நிமிடத்தில் அறுக்கும்.

பொருளுக்கு அடையாளம் கொடுப்பது அடுத்த வேலை. வரிசை எண்ணைப் படமெடுத்து வைக்க வேண்டும். பிரிட்டனில் ‘இமொபிலைஸ்’ பதிவேட்டில் இலவசமாகச் சேர்க்கலாம். மீட்ட பொருளின் எண்ணைக் காவலர்கள் அதில் தேடிப் பார்க்க முடியும். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ‘ஸ்மார்ட்வாட்டர்’ போன்ற திரவங்களையும் தடவுகிறார்கள். கேரவன் கூரையில் பெரிய எழுத்தில் அஞ்சல் குறியீட்டை ஒட்டுவது, மேலே பறக்கும் காவல்துறை ஹெலிகாப்டருக்காக.

திருடு போன பிறகு

காவல்துறையின் குற்ற எண்ணை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கிரிஸ் பதிவேட்டுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதம் செய்தால், அதற்குள் வண்டி இன்னொரு குடும்பத்துக்கு விற்கப்பட்டுவிடும். அந்தக் குடும்பத்தின் நிலை பரிதாபமானது. திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் ஆங்கிலேயச் சட்டப்படி பொதுவாக உரிமை கிடைக்காது; வண்டியும் போகும், கொடுத்த பணமும் திரும்ப வருவது அரிது. எனவே வாங்குபவர் விற்பவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும், எல்லா ஜன்னல் எண்களையும் அடிச்சட்ட எண்ணோடு ஒப்பிடுவதும், ஜன்னலில் சுரண்டிய தடம் தெரிந்தால் அங்கேயே விலகுவதும் முக்கியம். காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்த பிறகு வண்டி கிடைத்தால், அது பொதுவாக அந்த நிறுவனத்துக்கே சொந்தம். பழைய உரிமையாளர் விரும்பினால், விலை பேசித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.