கத்தோலிக்க அடக்கத் திருப்பலியின் வாசகங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சடங்கு என்பது முன்னோர் வகுத்த வழியிலே மாறாது செல்வது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. மரணச் சடங்கைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் இன்னும் வலுவானது. ஆயின், கத்தோலிக்கத் திருச்சபையின் அடக்கத் திருப்பலி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்து, 1969ஆம் ஆண்டிலே அடிப்படையான மாற்றத்துக்கு உட்பட்டது. அம்மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு, அத்திருப்பலியிலே வாசிக்கப்படும் திருமறைப் பகுதிகளை நோக்குவதே நேரிய வழியாகும். எப்பகுதியை வாசிப்பது, அதனை யார் தெரிவது என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். மரணத்தைப் பற்றிச் சபை யாது கூறுகின்றது, துயருற்ற குடும்பத்துக்கு அதிலே என்ன பங்கு உண்டு என்னும் பெரிய வினாக்கள் அவற்றுள் அடங்கியுள்ளன.

திரிதெந்தின் பொதுச்சங்கத்தின் பின்னர், பாப்பரசர் ஐந்தாம் பயஸ் 1570இல் வெளியிட்ட உரோமைத் திருப்பலி நூலிலே தெரிவுக்கு இடமிருக்கவில்லை. அடக்க நாளிலே பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரமும், இலாசரின் மரணத்தைக் கூறும் யோவான் நற்செய்திப் பகுதியும் வாசிக்கப்படல் வேண்டும். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு வேறிரண்டு, ஆண்டு நினைவுக்கு வேறிரண்டு என்றவாறு அனைத்தும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. அரசன் இறந்தாலும் மீனவன் இறந்தாலும் அடக்க நாளின் வாசகம் ஒன்றே. இதிலே ஒருவகைச் சமத்துவம் இருந்ததை மறுத்தற்கில்லை. ஆனால் வாசகம் இலத்தீனிலே அமைந்தமையால், எதிரே துயருற்று நின்றவருட் பெரும்பாலோருக்கு அதன் பொருள் எட்டவில்லை.

ஆண்டு நினைவுக்குரிய வாசகம் தனியாக நோக்கத்தக்கது. அது மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. போரிலே இறந்த வீரரின் பாவம் நீங்குமாறு பலி ஒப்புக்கொடுப்பதற்கு யூதா மக்கபே வெள்ளி நாணயங்களைச் சேர்த்து யெருசலேமுக்கு அனுப்பிய செய்தியை அது கூறுகின்றது. (பழைய இலத்தீன் விவிலியத்திலே 12,000 திராக்மா எனக் காணப்படும் அத்தொகை, கிரேக்க மூலத்திலே 2,000 ஆக உள்ளது.) இறந்தோருக்காக வேண்டுதல் செய்யலாம், உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்ற கொள்கைகளுக்குக் கத்தோலிக்கர் காட்டிய முதன்மையான சான்று இப்பகுதியே. 1519இல் லைப்சிக் நகரிலே நடந்த வாதத்தில் ஜோன் எக் இதனை எடுத்துக்காட்டியபோது, அந்நூல் திருமுறையைச் சேர்ந்ததன்று என மாட்டின் லூதர் மறுத்தார். 1546 ஏப்ரல் 8ஆம் திகதி திரிதெந்தின் சங்கம் அதனைத் திருமுறை நூலென உறுதிசெய்தது. ஆகவே அவ்வாசகம் ஒலித்த ஒவ்வொரு முறையும், துயரத்தினூடே ஒரு சமய வாதமும் ஒலித்தது எனலாம்.

அக்காலத் திருப்பலியிலே 'அல்லேலூயா' பாடப்படவில்லை. இறுதித் தீர்ப்பு நாளின் அச்சத்தைச் சித்திரிக்கும் 'தியேஸ் ஈரே' என்னும் இலத்தீன் பாடலே நற்செய்திக்கு முன்னர் இடம்பெற்றது. குருவானவரின் ஆடை கறுப்பு.

இம்மரபின் இறுதிக் கட்டத்தை 1963 நவம்பர் 25ஆம் திகதி வாஷிங்டனில் நிகழ்ந்த ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் அடக்கத் திருப்பலி தெளிவாகக் காட்டுகின்றது. கர்தினால் குஷிங் அதனை இலத்தீனிலே நிறைவேற்றினார். எனினும், மறையுரைக்குப் பதிலாக ஆயர் பிலிப் ஹனன், கென்னடி விரும்பிய விவிலியப் பகுதிகளை ஆங்கிலத்திலே வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமுண்டு எனக் கூறும் பிரசங்கி மூன்றாம் அதிகாரம் அவற்றுள் ஒன்று. அவற்றைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையின் பகுதிகளும் வாசிக்கப்பட்டன. இறந்தவரின் விருப்புக்குச் சடங்கின் வாசகங்களிலே இடமில்லாதபோது, அது மறையுரையின் இடத்தைத் தேடிக்கொண்டது. கென்னடி கொலையுண்ட நவம்பர் 22ஆம் திகதியன்றே வத்திக்கானிலே சங்கப் பிதாக்கள் திருவழிபாடு பற்றிய ஏட்டுக்குத் தம் ஒப்புதல் வாக்கை அளித்தனர் என்பது வரலாற்றின் விந்தையான உடனிகழ்ச்சி. டிசம்பர் 4ஆம் திகதி 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 எதிராகவும் அளிக்கப்பட்டு அவ்வேடு வெளியிடப்பட்டது. கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்காத் தன்மையை அடக்கச் சடங்கு தெளிவாகப் புலப்படுத்தல் வேண்டும் என அதன் 81ஆம் பிரிவு பணித்தது.

அப்பணிப்பின் விளைவாக 1969 ஓகஸ்ட் 15ஆம் திகதி புதிய அடக்கச் சடங்கு நூல் வெளிவந்தது. 'தியேஸ் ஈரே' திருப்பலியிலிருந்து நீங்கியது, 'அல்லேலூயா' புகுந்தது. பழைய ஏற்பாட்டிலிருந்து மாத்திரம் ஏழு பகுதிகள் தரப்பட்டன. தன் மீட்பர் வாழ்கின்றார் என யோபு கூறுவதும், நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன எனச் சாலமோனின் ஞானம் கூறுவதும் அவற்றுள் அடங்கும். இவற்றிலிருந்து தெரிவு செய்கையிலே குடும்பத்தினரின் விருப்பத்தைக் குருவானவர் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பது புதிய நெறி.

இம்மாற்றத்தைப் பழையதைத் துறந்த செயலாகச் சிலர் விளக்குவர். அவ்விளக்கம் பொருந்தாது. தெசலோனிக்கர் நிருபம், இலாசர் பகுதி, மக்கபேயர் நூல் ஆகியன யாவும் புதிய பட்டியலிலும் உள்ளன. மக்களினத்தார் அனைவரும் தீர்ப்புக்கு நிற்கும் மத்தேயு 25ஆம் அதிகாரமும் அங்கே உண்டு. முன்னர் கட்டளையாக இருந்தவை பின்னர் பலவற்றுள் ஒன்றாயின என்பதே உண்மை. அதேவேளை, தெரிவுக்கும் எல்லை உண்டு. கென்னடிக்காக வாசிக்கப்பட்ட பிரசங்கிப் பகுதி உரோமைப் பட்டியலிலே இடம்பெறவில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் காலமுண்டு எனக் கூறும் அப்பகுதி உயிர்ப்பைப் பற்றிப் பேசாமை இதற்குக் காரணமாகலாம். மறையுரை இறந்தவரின் புகழுரையாக அமைதலும் ஆகாது.

திருவழிபாட்டுக் காலமும் தெரிவைக் கட்டுப்படுத்துகின்றது. பாஸ்கா காலத்திலே முதலாம் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை. பாப்பரசர் இரண்டாம் ஜோன் போலின் அடக்கம் 2005 ஏப்ரல் 8ஆம் திகதியும், பாப்பரசர் பிரான்சிஸின் அடக்கம் 2025 ஏப்ரல் 26ஆம் திகதியும் அக்காலத்திலேயே நிகழ்ந்தன. இரண்டிலும் திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரமே முதலாவதாக வாசிக்கப்பட்டது. 2023 ஜனவரி 5ஆம் திகதி பதினாறாம் பெனடிக்ற் அடக்கம் செய்யப்பட்டபோதோ எசாயா நூல் வாசிக்கப்பட்டது.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இத்தெரிவிலே மற்றுமொரு சிக்கல் இருந்தது. புரட்டஸ்தாந்த சபையினர் வழங்கும் தமிழ் விவிலியத்திலே மக்கபேயர் நூலும் சாலமோனின் ஞானமும் இல்லை. இரு சபையினரும் கலந்த குடும்பமொன்றிலே, கத்தோலிக்கரான தந்தைக்கென மகன் தெரிந்த வாசகம் தாயின் விவிலியத்திலே காணப்படாதிருத்தல் கூடும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்', அந்நூல்களை இணைத்திருமுறை நூல்கள் என்ற பெயரிலே, இரு ஏற்பாடுகளுக்கும் இடையில் அமைத்துள்ளது.