தோழமை வளரும் வகை

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத நடுப்பகுதியில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில், புல்டாக்ஸ் பாங்க் என்னும் வீட்டிற் சில குழந்தைகள் கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். ஆண் மூவரும் பெண் மூவருமாக அவர்கள் அறுவர். அவருள் ஒருத்தி தோல்நோய் காரணமாகச் சில வாரம் பிந்தியே வந்தாள். வயது மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்டது. ஜேர்மானிய யூதரான பெற்றோர், மக்கள் பிறந்த சிறிது காலத்துள்ளேயே நாசிகளாற் கொல்லப்பட்டனர். குழந்தைகள் தெரேசின் தடுப்பு முகாமில், தாயில்லாப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில், இன்று ஒருவர் நாளை ஒருவர் எனப் பலர் கையில் வளர்ந்தவர்கள்.

வந்த சில நாளில் விளையாட்டுப் பொருள்கள் அனைத்தையும் உடைத்தனர். வீட்டுத் தளபாடங்களையும் விட்டுவைக்கவில்லை. பராமரிக்க வந்த பெரியோரை அடித்தனர், கடித்தனர், ஏசினர். ஆனால் தம்முள்ளே அவர்கள் நடந்துகொண்ட விதம் முற்றிலும் வேறு. ஒருவரை விட்டு ஒருவர் சிறிது நேரமும் பிரிந்திருக்க இசையார். உணவு பரிமாறும்போது தன் பங்கினும் மற்றவன் பங்கையே ஒவ்வொரு பிள்ளையும் கவனித்தது. உலாவச் சென்ற குளிர்நாள் ஒன்றில் ஒரு சிறுவன் கையுறையைத் தொலைத்துவிட, மற்றொருவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். தன் கை குளிர்கிறதென்று அவன் ஒருமுறையேனும் முறையிடவில்லை. பொறாமை என்பது அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. முகாமில் ஒரு பெண்மணியைத் தாய்போற் பற்றியிருந்த ஒரு சிறுமியே இதற்கு விலக்கு.

சிக்மண்ட் பிராய்டின் மகளாகிய அன்னா பிராய்ட், அக்குழந்தைகளைப் பராமரித்த சோபி டான் அம்மையாருடன் சேர்ந்து இச்செய்திகளை 1951இல் வெளியிட்டார். அக்கட்டுரையின் பெறுமதி யாதெனிற் கூறுதும். குழந்தையின் முதல் அன்பு தாயிடத்தது. உடன்பிறந்தார் அவ்வன்புக்குப் போட்டியாளராகவே முதலில் தோன்றுவர். நட்பு அதன்பின் வருவது என்பதே பிராய்டின் வழிவந்தோர் கொள்கை. இங்கோ தாயே இல்லை; ஆகவே போட்டியிடுதற்கும் ஏதுமில்லை. அன்பு முழுவதும் ஒத்த வயதினர்பாற் சென்றது. பின்னர் அப்பிள்ளைகள் பெரியோரிடம் பற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, தமக்குள் முன்பு இல்லாத பொறாமையும் உடன்வந்தது! எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே விதியென்று அன்னா பிராய்ட் கூறத் துணியவில்லை. அந்த அடக்கம் அறிவுடையார்க்கு அழகே.

ஒத்த வயதினர் உறவு தனி இயல்புடையது என்பதை வேறொரு வழியாற் கண்டவர் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே. சிறுவர் கோலி விளையாடுவதைக் கூர்ந்து நோக்கி 1932இல் அவர் எழுதிய நூல், பெரியோர் விதித்த விதியைச் சிறுவன் அஞ்சிப் பேணுகிறான் என்றும், தோழரோடு கூடி அமைத்த விதியை உடன்பாட்டினாற் பேணுகிறான் என்றும் காட்டிற்று.

அமெரிக்க மனநோய் மருத்துவர் ஹரி ஸ்டாக் சலிவன் மேலும் ஒருபடி சென்றார். ஒதுக்குப்புறமான பண்ணையொன்றில் ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்த அவர், எட்டரை வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே தோன்றும் உயிர்த்தோழமைக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார். மற்றொருவன் மகிழ்ச்சி தன் மகிழ்ச்சிக்கு நிகரானதென ஒரு பிள்ளை உணர்வது அப்போதுதான் என்பது அவர் கருத்து. கட்டிளமைப் பருவத்துக் காதலுக்கு அத்தோழமையே முன்னோடி என்றும் கருதினார். 1949இல் அவர் இறந்தபின், 1953இல் இக்கருத்துக்கள் நூலுருப் பெற்றன. தம் இளமையின் தனிமையே அவருக்கு இதனைக் கற்பித்தது போலும்.

தோழமை காதலாக மாறும் வழியைத் தெருவிலிறங்கிக் கண்டவர் டெக்ஸ்டர் டன்பி. 1958 முதல் 1960 வரை அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பதின்மூன்று வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடைப்பட்ட 303 பேரை அவர் ஆராய்ந்தார். தெருமுனையிலும் பாற்கடையிலும் கடற்கரையிலும் அவர்களோடு பழகினார். முதலில் ஆண்பிள்ளைகள் தனியாகவும் பெண்பிள்ளைகள் தனியாகவும் சிறு குழுக்களாயிருந்தனர். குழுவுக்குச் சராசரி ஆறு பேர். பின்பு ஆண்குழுவும் பெண்குழுவும் ஒன்றையொன்று கேலிசெய்தபடியே நெருங்கின. தனியே பேச அஞ்சுவோன் கூட்டத்தோடு நின்று பேசினான். அதன்மேற் குழுத்தலைவர்கள் முதலிற் சோடி சேர, ஏனையோர் அவரைப் பின்பற்றினர். இறுதியிற் பெருங்கூட்டம் கலைந்து, காதலர் இருவர் இருவராய்ப் பிரிந்தனர். 1963இல் வெளியான இவ்வாராய்ச்சியைப் படிக்கும் தமிழர்க்குப் பாங்கனும் தோழியும் நினைவுக்கு வராமற் போகார். தலைவனையும் தலைவியையும் தனியே நிறுத்தாமல், இடையே நண்பரை நிறுத்திய அகப்பொருள் மரபினர் உலகியலை நன்கறிந்தவரே.

டன்பியின் ஆராய்ச்சியிற் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. குழுத்தலைவர் முன்னேறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதவரை ஏனையோர் முதலில் நெருக்கினர், பின்னர் ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர், சில மாதங்களுக்கு முன்வரை அதே தெருமுனையில் அதே நண்பரோடு நின்றவர்.